வாழைக்கன்றுக்கு வாங்கிய வெளிச்சம்

குப்பிக்குள் வாழை வளர்ப்பது என் மனைவியின் வேலை. அவள் வாங்குகிற எதையும் சந்தேகப்படுவது, யாரும் கேட்காமலே நான் எடுத்துக்கொண்ட வேலை.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஓர் அறை. ஜன்னலை அடைத்து, ஏசி வைத்து, இரும்பு அலமாரித் தட்டுகளில் கண்ணாடிக் குப்பிகளை அடுக்கியிருக்கிறாள். ஒவ்வொரு குப்பியின் அடியிலும் விரற்கடை உயரத்துக்குத் தெளிந்த கூழ். அதில் வேரூன்றி நிற்கும் பச்சை, ஒரு சுண்டுவிரல்கூட இராது. கிழங்கின் குருத்தைச் சீவிச் சீவிப் பிரித்தால் ஒன்று பலவாகும். அந்த அறைக்குள் வெயில் கிடையாது. பகல் என்பது சுவிட்ச். அவள் போட்டால் விடியும், அணைத்தால் சாயும். இப்படிப்பட்ட பகலை எப்படி நம்புவது என்று எனக்கு முதல் நாளிலிருந்தே ஒரு கலக்கம்.

அன்றைக்குக் களக்காட்டிலிருந்து, வாழை போடும் ஒரு சம்சாரி வந்தார். சாக்கில் சுற்றிய ஒரே ஒரு ஏத்தன் வாழைக்கன்று. ஈரச்சாக்கைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பேசினார்.

“தாயி, அடிச்ச சூறக்காத்துல தோட்டம் பூராவும் படுத்துட்டு. இது தாய் மட்டும் தாரோட நின்னுச்சு. மத்த பக்கக்கன்ன எல்லாம் பன்னி தோண்டிட்டு. இது ஒண்ணுதான் மிச்சம். இதப் பெருக்கித் தாங்க.”

எனக்கு வாய் சும்மா இருக்காது. “பக்கத்துல மோட்டார் ரூம் சுவர் கிவர் ஏதாவது மறைப்பா இருந்திருக்குமோ?” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சுவரா? அந்தச் சுவரும்லா விழுந்து கெடக்கு.”

என் மனைவி சிரித்துவிட்டுக் கன்றை வாங்கிக்கொண்டாள். அந்த நிமிடத்திலிருந்து, காற்றுக்கு நின்ற அந்த ஒற்றை வாழையின் வம்சம் முழுக்க எங்கள் மாடியில்தான் இருந்தது. வேறெங்கும் இல்லை. குப்பியில் பெருகி, வேர்விடும் பருவத்துக்கு அவை வந்த நேரம் பார்த்து அறையின் பழைய டியூப்லைட்டுகள் ஒவ்வொன்றாகக் கண்சிமிட்டிச் செத்தன. கடைகளில் அந்த டியூப் வருவது நின்றுபோயிருந்தது. இனி எல்இடிதான்.

ஜங்ஷன் பக்கம் விளக்குக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போனோம். அவர் மேசையில் மூன்றை எடுத்து வைத்தார்.

முதலாவது ஊதா. கோயில் கொடையில் கட்டும் சீரியல் பல்பு மாதிரி, இரண்டு கால் முளைத்த குண்டுமணிகள் ஒரு பலகையில் குத்தி நின்றன. சிவப்பும் நீலமும் கலந்து எரியும் பழைய ரகம். இரண்டாவது நீளப்பட்டை. அரிசிமணி அளவில் மஞ்சள் சதுரங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒவ்வொரு சில்லுக்கும் தனித்தனிக் கூடு. எஸ்எம்டி என்றார். மூன்றாவதைத் திருப்பியபோது நான் அசந்துபோனேன். கனத்த அலுமினிய முதுகு, முகத்தில் ஒரே ஒரு வட்டம், முட்டைக்கருவை உடைத்து ஊற்றிய மஞ்சள். பல சில்லுகளை நெருக்கி ஒரே பலகையில் பதித்து, மேலே மொத்தமாக ஒரு மஞ்சள் பசையை ஊற்றி மூடியிருக்கிறார்கள். அதற்குப் பெயர் சிஓபி.

“உள்ள இருக்கது எல்லாம் சில்லுதான் வே. கூடு கட்டுததுலதான் வித்தியாசம். பட்டை தனி வீடு, வட்டம் காம்பவுண்டு வீடு” என்றார் அண்ணாச்சி.

“உள்ள எத்தன சில்லு இருக்குன்னு வெளிய இருந்து எப்படித் தெரியும்?”

“ஓமக்கு வேணும்னா பசையப் பேத்துப் பாரும். பெறகு என்கிட்ட வராதேயும்.”

எரியவிட்டார். சிஓபி என் கண்ணுக்குள் ஆணியடித்தது. போனில் வெளிச்சம் அளக்கும் செயலியைப் பிடித்தேன், எண் தாவி ஏறியது. பட்டை விளக்கோ சோகையாக, பரவலாக, பால் தெளித்த மாதிரி. எனக்குச் சந்தேகமே இல்லை, சிஓபிதான். எனக்குச் சந்தேகம் வராத அபூர்வத் தருணம் அது. அதையே நான் சந்தேகித்திருக்க வேண்டும்.

“உங்க போன் மனுசக் கண்ணுக்குல்லா அளக்கு, வாழைக்கு இல்ல” என்றாள் மனைவி. மூன்றிலும் ஒவ்வொன்று வாங்கினாள். மூன்று தட்டு, மூன்று விளக்கு, குப்பிகள் சரிசமமாக மூன்று பங்கு. தட்டின் விளிம்பில் பேனாவால் எழுதிய சீட்டு. அந்த வம்சத்தை ஒரே விளக்கை நம்பி விட அவளுக்கு மனமில்லை.

நான் தினமும் மாடியேறினேன். புறங்கையை விளக்கின் முதுகில் வைத்துச் சூடு பார்த்தேன். மூன்றில் எது பொய் சொல்கிறது என்று குப்பிகளோடு முகம் வைத்துக் கேட்டேன். ஊதா விளக்கின் அடியில் இலைகள் எல்லாம் கருப்பாகத் தெரிந்தன. ஒரு குப்பியில் பூஞ்சை பிடித்து வெள்ளைத் தாடி வளர்ந்திருந்தது, ஊதாவில் அது தெரியவேயில்லை. கையில் எடுத்து வெளியே கொண்டுவந்த பிறகுதான் தெரிந்தது. நோயை ஒளிக்கிற வெளிச்சம். மனைவி அந்த ஊதா விளக்கை அன்றே கழற்றி, நல்ல குப்பிகளைப் பட்டை விளக்குக்கு மாற்றினாள்.

சிஓபியின் கீழே கதை வேறு. நடுவில் இருந்த குப்பிகளின் மூடிக்குள் வேர்த்துக் கொட்டியது, இலைநுனி வெளுத்தது. ஓரத்துக் குப்பிகளில் கன்றுகள் நடுவை நோக்கிக் கழுத்தை நீட்டிச் சாய்ந்தன.

“இது கூரை உயரத்துல தொங்கவேண்டிய விளக்கு. முழங்கை உயரத் தட்டுக்கு ஆவாது” என்றாள்.

“கொஞ்ச நாள் போட்டும். பழகும்” என்றேன். தோற்பது விளக்கா நானா என்று எனக்கே விளங்காத ஒரு பிடிவாதம்.

இதற்கிடையில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் அது என் இலாகா. கிணற்று மோட்டார், மிக்ஸி, பைக், கம்ப்யூட்டர், அவள் குப்பிகளை அவிக்கிற ஆட்டோகிளேவ், கத்தி, இடுக்கி, ஒன்று விடாமல் சந்தனம் குழைத்து வைத்து, நடுவில் குங்குமம் இடுவேன். விளக்கு அணைந்திருந்த அறைக்குள் போனேன். பட்டை விளக்கில் எங்கே வைப்பது என்று யோசித்து, ஓரமாக ஒன்று வைத்தேன். சிஓபிக்கு யோசனையே வரவில்லை. வட்டமான மஞ்சள் முகம், பொட்டில்லாமல் நின்றது. நடுவில், பெரிதாக, மனசார ஒன்று.

நான்காம் நாள் அந்த முகம் ஒரு பக்கம் இருண்டது. மறுநாள் மொத்தமாக அணைந்தது.

எனக்குள் அடங்கிக் கிடந்ததெல்லாம் எழுந்துகொண்டது. அண்ணாச்சி பழைய சில்லைப் புதுப் பெட்டியில் போட்டுத் தந்துவிட்டார். அந்தப் பசைக்குள் சில்லே பாதிதான் இருந்திருக்கும். காம்பவுண்டு வீடு என்று சிரித்தாரே, அந்தச் சிரிப்பே சரியில்லை. விளக்கோடு பஸ்ஸேறி, வண்ணாரப்பேட்டையைத் தாண்டி ஆற்றுப்பாலம் வருவதற்குள் அவர்மேல் ஒரு முழு வழக்கே ஜோடித்துவிட்டேன். கீழே தாமிரபரணி கலங்கி ஓடியது. அதுகூட எதையோ மறைக்கிற மாதிரி இருந்தது.

அண்ணாச்சி விளக்கை வாங்கிப் பூதக்கண்ணாடியை எடுத்தார். மெல்ல மஞ்சள் பசையைத் தடவினார். நடுவில் கருகி வெடித்த ஒரு வட்டம், ஓரத்தில் செம்புழுதி மாதிரி ஏதோ. முகர்ந்து பார்த்தார்.

“வே, இது என்னது? சந்தன வாடை அடிக்கி.”

நான் அலமாரியில் இருந்த விளக்குகளை எண்ணத் தொடங்கினேன்.

“பூசையா போட்டீரு?”

“ஆயுத பூஜைக்கு...”

“வெளக்குக்குப் பொட்டு வச்சீரா? மூஞ்சிலயா?” கடை அதிரச் சிரித்தார். “எங்க கடையில இருக்கதப் பாரும். எல்லாம் முதுகுல. அலுமினியத்துல வச்சா சாமியும் கோவிக்காது, சில்லும் சாவாது. மூஞ்சில அப்புனா வெளிச்சம் வெளிய வர வழியில்லாம சந்தனத்தையே சுட்டு எடுக்கும். பசை வேவும். அடியில தலமுடிய விட மெல்லிசா தங்கக் கம்பி ஓடுது, அது அந்துரும். ஒரே காம்பவுண்டுல்லா, ஒரு வீட்டுல தீப்பிடிச்சா எல்லாரும் காலி.”

“பட்டை விளக்குலயும் வச்சேன். அது எரியுது.”

“அதுல நாலு அரிசி மங்கியிருக்கும், போய்ப் பாரும்.” உடனே, வியாபாரி வியாபாரிதான், உள்ளேயிருந்து இன்னொன்றை எடுத்தார். “கம்பியே இல்லாத சில்லு வந்திருக்கு. கவுத்துப் போட்டு நேரா பலகையில ஒட்டுதான். ஃபிளிப் சிப்புன்னு பேரு. அறுந்துபோவ கம்பியே கெடையாது. எடுத்துக்கிடுதீரா?”

“கம்பி இல்லன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். கேட்ட பிறகு நானே வெட்கப்பட்டேன். அவர் அதைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து முதலில் பட்டை விளக்கைத்தான் பார்த்தேன். பொட்டு உலர்ந்து பழுப்பேறியிருந்தது. அதன் அடியில் மூன்று அரிசிமணிகள் மங்கல், நான்காவது அரைகுறை. மற்ற அத்தனையும் எதுவும் நடக்காத மாதிரி எரிந்தன. தனித்தனிக் கூடு என்றால் என்ன என்பது அப்போதுதான் எனக்குள் இறங்கியது.

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இடுக்கியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். முகத்தில் ஆச்சரியம் இல்லை.

“பொட்டு வச்சத நீ பாக்கலயா?”

“பாத்தேனே.”

“பாத்துட்டா லைட்டப் போட்ட?”

“நீங்க வச்ச பொட்ட நான் எப்படிங்க அழிக்கது?” என்றாள்.

அந்தப் பதிலில் பிடிக்க ஒரு கைப்பிடிகூட இல்லை. எந்தப் பெண் அழிப்பாள்? ஆனால் ஸ்பிரிட்டும் பஞ்சுமாக நாள் முழுக்க எதையாவது துடைத்துக்கொண்டே இருக்கிறவள் அவள். என் பிடிவாதத்தைத் தானாகவே எரிந்து தீரட்டும் என்று விட்டாளோ? அவள் கண்ணைப் பார்த்தேன். பட்டை விளக்கு மாதிரி பரவலாக, எந்தப் பக்கமும் நிழல் விழாமல் பார்த்தாள்.

சிஓபி தட்டில் நடுக்குப்பிகளில் கன்றுகள் பழுத்துப்போயின, குப்பைக்குப் போயின. ஓரத்துக் கன்றுகள் சாய்ந்தபடியே பிழைத்தன. பட்டை விளக்கின் கீழ் இருந்தவை நெட்டுக்குத்தலாக, ஒரே உயரத்தில், நல்ல பச்சையில் நின்றன. பிறகு வாங்கிய விளக்கெல்லாம் பட்டைதான். வேர் திரண்டதும் குப்பிகளைத் திறந்து, கூழைக் கழுவி, தென்னைநார்த் தட்டுகளில் நட்டுக் கொல்லையில் நிழல்வலைக்குள் வைத்தாள். எது எந்த விளக்கில் வளர்ந்தது என்று தட்டுக்குத் தட்டு நான் சீட்டு குத்தினேன். பின்னாளில் எது எப்படிக் காய்க்கிறது என்று பார்க்க வேண்டாமா?

மழை ஓய்ந்து களக்காட்டுச் சம்சாரி வேனோடு வந்தார். தட்டுகளைச் சுற்றிச் சுற்றி வந்தவர், செழிப்பான வரிசையின் முன்னால் நின்று நெற்றியைச் சுருக்கினார்.

“எல்லாம் அச்சுல வார்த்தாப்ல இருக்கே தாயி. எங்க ஏத்தன்தானா இது?”

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. உலகத்தில் என்னைப் போல் சந்தேகப்படுகிற இன்னொருவன் இருக்கிறான்.

“ஒரே தாயோட பிள்ளைங்க, வேற எப்படி இருக்கும்?” என்றாள் மனைவி.

“அந்தா, மெலிஞ்சு கெடக்கே, அது?”

“அது வெளிச்சம் சரியில்லாத தட்டுல வளந்தது. அது வேண்டாம் ஐயா, நான் வச்சுக்கிடுதேன்.”

“எதுக்கு? அதுக்கும் அவதான தாய்? எனக்கு ஒண்ணு விடாம வேணும்.”

அவள் குனிந்து, நான் குத்திவைத்த சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி இடது கையில் சேர்த்துக்கொண்டாள்.

“ஏட்டி, அத ஏன் எடுக்க? எது எதுன்னு எப்படித் தெரியும்?”

“அவுகளுக்கு எதுக்குங்க தெரியணும்? நட்டா ஒண்ணு போல தண்ணி விடட்டும்.”

தட்டுகள் ஏறின. மெலிந்ததும் செழித்ததும் வேனுக்குள் கலந்து நின்றன. டிரைவர் கதவைச் சாத்தப் போனபோது சம்சாரி, “பைய, பைய” என்று தானும் பின்னால் ஏறி, தட்டுகளுக்கு நடுவே குத்தவைத்து உட்கார்ந்துகொண்டார். போகிற வழியில் காற்று பட்டுவிடக் கூடாதாம். காற்றுக்கு நின்ற வாழையென்று சொல்லிக் கன்றைக் கொடுத்தவர். கேட்டுவிடலாம் என்று வாய்வரை வந்தது. வேன் தெரு திரும்பிவிட்டது.