திரும்பி வந்த புல்வெட்டி மெஷின்

தெருவே புகைக்காரர் என்று அழைக்கும் மெக்கானிக்கின் வீட்டுக்கு நான் போனது அவருடைய மாமியாரைப் பார்த்துக்கொள்ள. அந்த அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். அவருடைய ஜன்னல் பின்புறத் தகரக் கொட்டகையைப் பார்த்து இருந்தது. ஆகவே மாமியாரைத் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டே மருமகனின் வேலையையும் பார்த்தேன்.

புகையைப் பார்த்தே இன்ஜினுக்கு என்ன நோய் என்று சொல்வதால் அந்தப் பெயர். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம். இளவயதில் ஒரு ஆஸ்பத்திரித் தோட்டத்தில் புல் வெட்டியவர். மெஷின் நின்றால் மெக்கானிக் வரும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் தானே கழற்றிக் கற்றுக்கொண்டார். பிறகு அதுவே பிழைப்பாயிற்று. சைலன்சர் கழற்றிய இன்ஜின்களுக்குப் பக்கத்திலேயே ஆயுளில் பாதி கழிந்தது.

அன்று காலை பள்ளிக்கூடத்துத் தோட்டக்காரர் ஒரு மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். முகம் நன்றாக இல்லை.

"அண்ணே, பிஸ்டன் ரிங் மாத்தியாச்சுன்னு சொன்னீங்க. பத்து நாள்கூட ஓடலை. ஸ்டார்ட் பண்ற கயிறு கைக்குழந்தை இழுத்தாக்கூட வந்துடும்போல, உள்ள அழுத்தமே இல்லாம அவ்வளவு லேசா இருக்கு. சாயங்காலம் வருவேன். இந்த வாட்டியும் சரியாகலைன்னா மைதானத்து மெஷின் எல்லாத்தையும் வேற இடத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிட்டாங்க. என் மேல கோவிச்சுக்காதீங்க."

புகைக்காரர் "ம், ம்" என்று தலையாட்டினார்.

தோட்டக்காரர் தெருமுனை தாண்டும்வரை அவர் மனைவி பொறுத்திருந்தார். "திரும்பி வர்றதுல இது மூணாவது. இதுவும் கெட்டா கொட்டகையைப் பூட்டிடுங்க. பையன் வீட்டுக்குப் போயிடலாம். அவன் எத்தனை தடவை கூப்பிட்டுட்டான்."

"பையன் வீட்ல மிக்ஸி இருக்குல்ல?" என்றார் மாமியார் படுக்கையிலிருந்து. "பத்திரமா எடுத்து உள்ள வைக்கச் சொல்லு, மாப்பிள்ளை கழட்டிடுவாரு."

மகன் வீட்டில் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் வேலை இல்லாமல் உட்காரவைத்தால் இந்த மனுஷன் ஒரு வருஷத்தில் படுத்துவிடுவார். அப்படிப் படுத்தவர்களைப் பராமரித்துத்தான் நான் சம்பாதித்தேன்.

அவர் முதலில் வெட்டும் பிளேடைக் கழற்றினார். ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, அந்தத் துளையில் கம்ப்ரசர் குழாயை மாட்டினார். பிஸ்டனை மேலே கொண்டுவந்து, இன்ஜின் சுழலாமல் இருக்க, பிளேடு இருந்த தண்டில் ஒரு பெரிய ஸ்பேனரைப் போட்டு இடது கையால் பிடித்துக்கொண்டார். உள்ளே காற்றை விட்டால் ஓட்டை இருக்கும் இடத்தில் அது சீறும். சைலன்சரில் சீறினால் புகை போகும் வால்வு, கார்புரேட்டரில் சீறினால் பெட்ரோல் உள்ளே வரும் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங். நெஞ்சில் குழாய் வைத்து டாக்டர் கேட்பதுபோல, மூன்று இடத்திலும் காதை வைத்துக் கேட்டார். பிறகு காற்றைக் கூட்டினார். மறுபடி கேட்டார். இன்னும் கூட்டினார்.

எனக்கு ஜன்னலிலேயே கேட்டது. குக்கர் விசில் வருவதற்கு முன்னால் வரும் சத்தம். சைலன்சரிலிருந்துதான் வந்தது.

அவர் ஆயில் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "ரிங்தான்" என்றார். காற்றை இன்னும் ஒரு சுற்றுத் திருகினார். பிஸ்டன் துள்ளியது. ஸ்பேனர் சுழன்று அவர் மணிக்கட்டில் அடித்தது.

நான் போய்க் காற்றை மூடினேன். விரல்களை மடக்கச் சொன்னேன், நீட்டச் சொன்னேன். எலும்பு உடையவில்லை. ஈரத்துணியை மடித்துச் சுற்றினேன்.

"எவ்வளவு நாளா கேக்கலை உங்களுக்கு?"

"எனக்கா? நீங்க பேசறது நல்லாத்தான் கேக்குது."

"நான் பேசறது கேக்கும். சீறல் கேக்காது. அது சைலன்சர்ல அந்தக் கத்து கத்துது. நீங்க ஆயில் வாயை முகர்ந்துக்கிட்டு இருக்கீங்க."

"அங்க காத்து வருது. கையில படுது."

"நல்ல இன்ஜின்ல அங்க காத்தே வராதா?"

கொஞ்சம் வரும் என்று என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்தக் கொஞ்சம் மட்டுமே அவருக்குப் பிடிபட்டது. சைலன்சரில் வருவது பல துளைகளில் சிதறிவிடுவதால் கைக்கும் படவில்லை. அதே பள்ளிக்கூடத்திலிருந்து முன்பு திரும்பி வந்த மற்ற இரண்டுக்கும் அவர் ரிங்தான் மாற்றியிருந்தார்.

மனைவி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன்.

"பஞ்சர் கடைக்காரன் டியூப்ல காதை வச்சா ஓட்டை பார்க்கிறான்?" என்று மட்டும் சொன்னார்.

அவரை ஒரு நிமிஷம் முறைத்துவிட்டு, "சோப்புத் தண்ணி கொண்டா" என்றார் புகைக்காரர்.

சைலன்சரைக் கழற்றினார், கார்புரேட்டரையும் கழற்றினார். இந்த முறை ஸ்பேனரை ஒரு மரக்கட்டையில் முட்டுக்கொடுத்துவிட்டு விலகி நின்றார். மனைவி நுரையை ஒவ்வொரு வாயிலும் தடவ, நான் காற்றைச் சிறிதாகத் திறந்தேன். ஆயில் வாயில் நுரை மெல்ல அசைந்தது. கார்புரேட்டர் பக்கம் அசைவில்லை. சைலன்சர் இருந்த வாயில் குமிழி எலுமிச்சை அளவுக்கு உப்பி, வெடித்து, மறுபடி உப்பியது.

மேல்மூடியைத் திறந்தபோது வால்வின் ஓரம் கருகி, ஒரு பக்கம் அரித்திருந்தது. பழைய இன்ஜின் ஒன்றிலிருந்து நல்ல வால்வைத் தேடி எடுத்தார். அது உட்காரும் இடத்தில் தேய்க்கும் பேஸ்ட் தடவி, வால்வைக் குச்சியில் ஒட்டிக் கடைய வேண்டும். வீங்கிய கை ஒத்துழைக்கவில்லை. மனைவி குச்சியை வாங்கிக் கடைந்தார். "அழுத்தாதே. தூக்கித் தூக்கிச் சுத்து." "தெரியும், பேசாம இருங்க." வால்வின் ஓரம் சுற்றிலும் ஒரே சாம்பல் நிறம் வரும்வரை விடவில்லை.

மூடி மாட்டி முடிக்கும்போது தோட்டக்காரர் வந்துவிட்டார். சோதித்துப் பார்க்க நேரம் இல்லை.

"நீயே இழு" என்றார் புகைக்காரர்.

காலையில் லேசாக வந்த கயிறு முதல் இழுப்பில் பாதியில் முட்டி நின்றது. தோட்டக்காரர் புருவத்தைத் தூக்கினார். இரண்டாவது இழுப்பில் இருமியது. மூன்றாவதில் பிடித்து, கொட்டகைத் தகரம் அதிர ஓடியது. புகைக்காரர் புகையைப் பார்த்தார். புகையே இல்லை.

ஓடவிட்டுக்கொண்டே தோட்டக்காரர் ஏதோ கேட்டார். புகைக்காரர் வழக்கம்போலத் தலையாட்டப் போனவர், கை நீட்டி இன்ஜினை அணைத்தார்.

"எனக்குக் காது சரியில்லப்பா. ரிங் மாத்துனது என் தப்பு. என்ன கேட்ட?"

தோட்டக்காரர் அவரையும் மெஷினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரிங் மாத்தியும் ஓடாம நிக்கிற அந்த ரெண்டையும் நாளைக்கு எடுத்துட்டு வரவான்னு கேட்டேன்."

"எடுத்துட்டு வா."

"சோப்பு வாங்கணும்" என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போனார்.