பருத்திவிதைக் கடையில் உதுமானியப் பேரரசு

மல்லாங்கிணறு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே மாட்டுத்தீவனம் விற்ற பருத்திவிதைக் கடை சங்கரலிங்கத்துடையது. அவருடைய தம்பி பூமிநாதன் அங்கே தராசு பிடித்தான். மிச்ச நேரத்தில் தபால் வழியில் எம்.ஏ. வரலாறு படித்தான். குரங்கு மனிதனான கதை, பழங்கால எகிப்து, இஸ்லாமிய வரலாறு என்று மற்ற பேப்பரையெல்லாம் எப்படியோ ஒப்பேற்றிவிட்டான். உதுமானியப் பேரரசு மட்டும் காலை வாரிக்கொண்டே இருந்தது. அத்தனை துருக்கி சுல்தான்களையும் புண்ணாக்குத் தூசிக்கு நடுவே மனசில் ஏற்றுவது லேசுப்பட்ட காரியமா? கேட்டவர்களிடம், "அண்ணாச்சி விட்டாத்தானே படிக்க?" என்பான். ஊரும் உச்சுக்கொட்டும்.

அருப்புக்கோட்டை டுடோரியல் ஒன்றில் அவனுக்காக ஒரு வாத்தியார் வேலையை ஒதுக்கிவைத்திருந்தார்கள். இந்தத் தடவையும் தேறாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சொல்லியாயிற்று.

எண்பத்தொன்பது மே மாதம். பரீட்சை நாளாகப் பார்த்து சங்கரலிங்கம் லோடு எடுக்க வெளியூர் போய்விட்டார். "காலையில தொறந்து போணி பண்ணிட்டு, சுப்பம்மாகிட்ட விட்டுட்டுப் போ" என்று சொல்லியிருந்தார். கடை திறந்தவன் முதல் வியாபாரம் ஆகாமல் படியிறங்கக் கூடாது. அந்தக் குடும்பத்தில் அப்படித்தான்.

அன்றைக்கென்று ஒரு ஈ காக்காய் வரவில்லை. மழை பொய்த்து ஊரே மாட்டை விற்றுக் கஞ்சி குடித்த வருஷம், யார் வருவார்கள்? பரீட்சை எழுதப் போகவேண்டிய மதுரைக்கு முதல் பஸ் போயிற்று. பூமிநாதன் புத்தகத்தைப் பிரித்தான். பட்டத்துக்கு வந்ததும் கூடப்பிறந்தவர்களைக் கொன்றுபோட்ட சுல்தான்களின் பாடம். வருஷக்கணக்காகப் படித்த அதே பக்கம். உடம்பை விட மனசு அசந்துபோயிருந்தது.

அவன் மனைவி சுப்பம்மாள் காப்பி கொண்டுவந்தாள்.

"இன்னுமா போகல? நானே ஒரு படி விதை வாங்கிக்கிடுறேன்."

"வீட்டாளு வாங்குனா போணியாகுமா?"

"அப்ப, சாமியக் கும்பிட்டு எறங்குங்க. உங்க அண்ணாச்சிகிட்ட நான் சொல்லிக்கிடுறேன்."

"சும்மா இரு. அவுக வைவாக."

"சுல்தான் தம்பியக் கொன்னான்னு படிக்கிறீக. உங்க அண்ணாச்சி தராசத்தானே கையில குடுத்தாக?"

அவன் பக்கத்தைப் புரட்டினான்.

கடைசியில் கீழத்தெரு சோலைச்சாமி வந்தார். மிஞ்சியிருந்த ஒற்றைப் பசுவுக்குப் புண்ணாக்கு வாங்கினார். சுப்பம்மாள் ரூபாயைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டாள். அடுத்த பஸ்ஸைப் பிடித்தாலும் பரீட்சைக்குப் போய்விடலாம்.

"போணியாச்சு. கெளம்புங்க" என்று ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

பூமிநாதன் சோலைச்சாமியிடம் திரும்பினான். "மாடு எப்படியிருக்கு? தவிடு வேண்டாமா?"

பஸ் வந்து நின்றது. தெரிந்த கண்டக்டர்தான். "மதுரைக்கு வாரீகளா?" என்று படியில் நின்றபடியே கூப்பிட்டான். பூமிநாதன் துண்டை எடுத்துத் தராசுத் தட்டைத் துடைக்கத் தொடங்கினான். விசில் கேட்டது, பஸ் போனது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. அப்படித் தோன்றியதற்காகவே கூசிப்போய், தலை நிமிராமல் தட்டைத் துடைத்துக்கொண்டேயிருந்தான்.

சோலைச்சாமி புண்ணாக்கோடு போனார். சுப்பம்மாள் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"இனிமே அண்ணாச்சி விடலன்னு யார்கிட்டயும் சொல்லாதீக."