கூரை எட்டாத சுவர்

கல்யாணமான புதிதில் உத்திரமேரூருக்கு வெளியே ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். வரிசையாக ஆறு அறைகள், பின்னால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே குளியலறை, மேலே சிமென்ட் ஷீட். அந்த வாடகைக்கு அதற்கு மேல் கேட்க முடியாது. ஒன்றை மட்டும் குடிவந்த பிறகுதான் கவனித்தோம். எங்களுக்கும் பக்கத்து அறைக்கும் நடுவிலிருந்த சுவர் கூரை வரை போகவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் வெறும் காற்றுதான்.

முதல் நாள் சாப்பிடும்போது, "சாம்பார்ல உப்பு தூக்கலா கீது," என்றார் என் வீட்டுக்காரர். நான் வாய் திறப்பதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

"ஒரு உருளக்கெயங்கு அறுத்துப் போடும்மா, சரியாப்பூடும்."

டிபன் கடையில் வேலை செய்யும் அக்கா அது. அவர் கணவர் ஆட்டோ ஓட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குள் பெரிய சண்டை. பக்கத்து ஊரான பெருநகரில் என் நாத்தனார் மகளுக்குக் காதுகுத்து. தம்பியான என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு அழைத்தவர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நான் வரல. உங்க அக்காவுக்கு வாய்தான் நீளம், மரியாத தெரியாது," என்றேன்.

"என்கிட்ட சொன்னா உன்கிட்ட சொன்ன மாரிதானே?"

"அதெப்படி? பொண்ணு சொல்றதுதான் நாயம்," என்றார் சுவருக்கு அப்பாலிருந்து அக்கா.

"நீ சும்மா கெட. தம்பி சொல்றதுல இன்னா தப்பு?" என்றார் அவர் கணவர்.

"ஆமா, உன் தங்கச்சி மட்டும் என்னை ஒழுங்கா கூப்ட்டுட்டாளா?"

அவ்வளவுதான், எங்கள் சண்டை அங்கே குடிபோய்விட்டது. ஏதோ ஒரு பாத்திரம் உருண்டது. நாங்கள் சோற்றுத் தட்டோடு மூச்சுக் காட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் நானே பொறுக்கமாட்டாமல், "உடுக்கா, நான் போறேன்," என்றேன்.

அங்கே சத்தம் நின்றது. "எப்பப் போறீங்க? நம்ம ஆட்டோலயே போய்ட்லாம்," என்றார் அக்காவின் கணவர்.

இப்படித்தான் நால்வரும் காதுகுத்துக்குப் போனோம். நாத்தனாரைப் பார்த்ததுமே அக்கா, "ஓ, நீதானா அது! உன்னப் பத்திப் பேசாத நாளே இல்ல," என்றார்.

"இன்னா பேசுவா?" நாத்தனார் என்னையே பார்த்தார்.

அக்கா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "நீ வெக்கிற கறிக்கொழம்பு மாரி யாருக்கும் வராதாம்."

நாத்தனாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. என் கையைப் பிடித்துப் பந்தியில் உட்காரவைத்து, தானே ஊற்றினார். அவர் கறிக்குழம்பை அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சாப்பிட்டேன். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.