வாசித்ததும் எரிக்க வேண்டிய மந்திரச் சுருள்

புதுத் தகரம் வெயிலில் சூடேறினால் ஒரு மணம் வரும்... யுத்தம் முடிந்து விடத்தல்தீவில் நாங்கள் மீள்குடியேறிய வருடம் முழுக்க அந்த மணம்தான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் எங்கள் தற்காலிகத் தகரக் கொட்டிலில் மூன்று பேர் கூடுவோம். நான், ஜூட், ரூபன். சென்னையில் படித்துவிட்டுத் திரும்பிய ரூபன்தான் அந்த விளையாட்டைக் கொண்டுவந்தான். அவன் கதை சொல்வான். நான் மந்திரவாதி, ஜூட் வாள்வீரன். குகை, பூதம், டைஸ்...

எனக்குப் பிடித்தது மந்திரச் சுருள்கள். கொப்பித் தாளில் மந்திரத்தை எழுதி, சுருட்டி, நூலால் கட்டித் தருவான் ரூபன். மந்திரவாதி மட்டும்தான் வாசிக்கலாம். என் சக்திக்கு மீறிய மந்திரம் என்றால் டைஸ் உருட்ட வேண்டும். எண் தவறினால் அது எங்கள்மேலேயே திரும்பும். ஒரு தரம் வாசித்தால் எழுத்து அழிந்துவிடும் என்பது விதி. அதனால் வாசித்ததும் தாளை அடுப்பில் போட்டுவிடுவோம்.

ஒரு ஞாயிறு ஜூட் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

அன்றைக்குத்தான் சிவில் உடுப்பில் ஆமிக்காரர் ஒருவர் வந்தார். நேரே சுருள்களைக் கேட்டார். ஒன்றை அவிழ்த்து எழுத்துக்கூட்டி வாசித்தார்.

“காவல்காரர் கண்ணுக்குத் தெரியாமல் போதல்... இது என்ன?”

“விளையாட்டு, சேர்” என்றான் ரூபன்.

“அப்ப வாசிச்சிட்டு ஏன் எரிக்கிறது?”

விதியை விளங்கப்படுத்தினோம். சொல்லச் சொல்ல எங்களுக்கே அது பொய்போலக் கேட்டது. எல்லாச் சுருளையும் எடுத்துக்கொண்டு போனார். அதோடு விளையாட்டு நின்றது.

எரிப்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஜூட்டின் காய்ச்சல்மேல் எனக்குச் சந்தேகம் விழுந்தது. கேட்கவில்லை. சந்தியில் கண்டால் சைக்கிளைத் திருப்பிவிடுவேன். பிறகு அவன் கட்டாருக்குப் போனான். சொல்லாமலே போனான். அது என் சந்தேகத்தை இன்னும் இறுக்கியது.

போன மாதம் அம்மா ஏதோ கதையில் சொன்னா.

“நான்தானே அப்ப ஆமிக்காரரிட்டைப் போய்ச் சொன்னனான். பிள்ளையள் கடதாசி எழுதி எரிக்கிறது சும்மா விளையாட்டு, பிழையா நினைக்காதேங்கோ எண்டு. வேறை ஆரும் ஏதும் சொல்ல முதல் சொல்லுவம் எண்டு பயந்து...”

அன்றைக்கே ஜூட்டுக்குக் கோல் எடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

“நீ என்னைக் கண்டா விலகிப் போனனி. அப்ப நீதான் காட்டிக் குடுத்தனி எண்டு நினைச்சனான், மச்சான். அதுதான் சொல்லாமப் போனனான்.”

இப்போது வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. மணிக்கணக்கில் கதைக்கிறோம்.

அப்போது அவன் வீடு எங்களுக்கு நாலு கொட்டில் தள்ளித்தான் இருந்தது...