பதினாறுக்கு இங்கால நிண்டவன்

உங்கட வயசென்ன? கடதாசியில கிடக்கிற வயசக் கேக்கல்ல. உங்களப் பெத்தவங்களுக்குத் தெரிஞ்ச வயசக் கேக்கன். ரெண்டும் ஒண்டெண்டா நீங்க குடுத்து வெச்ச ஆள். எனக்கு ரெண்டும் வேற வேற.

நான் பிறந்தத எங்கட அப்பா பதியல்ல. காய்ச்சல் ஊரையே திண்ட காலமாம், அதுக்குள்ள பதியிறதுக்கு ஆர் அலையிறது? ரெண்டு வருசம் கழிச்சுத் தம்பி ஒண்டு பிறந்தான். அவனப் பதிஞ்சாங்க, ஆனா பேர் வைக்க முதலே செத்துப் போயித்தான். மூண்டு மாசப் புள்ள. பத்திரத்துல பேருக்குரிய இடம் வெறுமையாக் கிடந்திச்சு. மறுகா என்னக் கொலிஜ்ல சேர்க்கப் போன இடத்துல, இந்த வகுப்புக்கு வயசு கூடிப்போச்செண்டு சொன்னாங்க. அப்பா அரசாங்கக் கச்சேரி ஒபிசில எழுத்து வேலை பாக்கிற ஆள், மூளைக்காரன். தம்பிட பத்திரத்துல என்ட பேர எழுதுவிச்சு நீட்டினார். எடுத்துக்கிட்டாங்க. அண்டையில இருந்து நான் தம்பிட வயசுலதான் படிச்சன், பாஸ் பண்ணினன், இங்கிலீசுப் பேச்சுக்குப் பரிசும் எடுத்தன்.

இது தெரிஞ்சது ரெண்டு வளவுக்குத்தான், ரெண்டு வீட்டுச் சனத்துக்கு. ஒண்டு எங்கட வளவு. மத்தது கல்லடியில எங்கட வேலிக்கு அங்கால கிடந்த வளவு. அங்க ஒரு தாயும் மகனும். தகப்பன் இல்ல. ஆத்துல வலை போட்டுத்தான் சீவியம். அந்த மகன் எனக்கு ரெண்டு வயசு இளமை, என்ட கூட்டாளி. எனக்கு வேற கூட்டாளி இல்லெண்டு அப்ப எனக்குத் தெரியா.

அவன் மூண்டாம் வகுப்போட படிப்ப விட்டுத்தான். வலை இழுத்து இழுத்து பதின்மூண்டு வயசுலயே தோள் ரெண்டும் ஆம்புளத் தோள், மீசை வேற. நான் பதினேழு வயசுலயும் ஒட்டடைக் கம்பு, கண்ணாடிக்கு முன்னால நிண்டு மீசையத் தேடுற ஆள். அந்த மலை மாதிரிப் பொடியன் என்ன "அண்ணே" எண்டு கூப்பிட்டா ரோட்டால போறவன் நிண்டு சிரிப்பான்.

அது வெள்ளைக்காரன் யப்பான்காரனோட அடிபட்ட சண்டைக் காலம். சீனிக்குக் கூப்பன், தகர டப்பாவுல வாற ரின்பால் கண்ணுக்கும் இல்ல. கல்லடிப் பாலம் உங்களுக்குத் தெரியும்தானே, ஒரு நேரத்துல ஒரு பக்கத்து வண்டிதான் போகலாம். அங்கால இருந்து வண்டி வந்தா இங்கால ஆமி லொறியெல்லாம் நிரையா நிக்கும். ட்ரைவர் சிகரெட்டப் பத்திக்கிட்டு முன்னால பாத்துக்கிட்டிருப்பான், பின்னால ஆள் இல்ல. இதப் பாத்துக்கிட்டே நான் ஒரு கிழமை கொலிஜுக்கு நடந்தன். யோசினை என்ட. தோள் அவன்ட.

பட்டப்பகல், மூண்டு மணி. கடைசி லொறியில ஏறினான், ஒரு பெட்டிய இறக்கினான், தாழங்காட்டுக்குள்ள கொண்டுபோய் உடைச்சம். உள்ளுக்க சின்னச் சின்ன ரின். பாலெண்டு நினைச்சு நான் விரல விட்டு நக்கியும் பாத்துத்தன். துப்பித் துப்பி நாக்குக் காஞ்சு போச்சு.

"என்னண்ணே, ஆமிக்காரன் இதயா தின்றான்?"

"சப்பாத்துக்குப் பூசுற பொலிஷ்டா இது."

"நம்மட பக்கத்துல சப்பாத்து ஆருக்கிட்டக் கிடக்கு?"

"கொலிஜ்ல ரெண்டு வாத்திமார். பாதிரியார். மறுகா பொலிசுக்காரன்."

"அப்ப பொலிசுக்காரனுக்கே விப்பம். அவனுக்குத்தான் தேவை கூட."

வயிறு நோகச் சிரிச்சம். மறுகா பயம் வந்து எல்லாத்தையும் ஆத்துல கொட்டினம். தாழுமெண்டு நினைச்சம். ஒண்டும் தாழல்ல. அவ்வளவு ரின்னும் ஊர்வலம் போற மாதிரி மிதந்து போய்க் கரை முழுக்க ஒதுங்கிச்சு. சனம் விடுமா? சப்பாத்து இல்லாட்டி என்ன, வண்டில் மாடு இருக்கே. ரெண்டு நாளையால கல்லடியில இருந்த மாட்டுக் கொம்பெல்லாம் மண்ணிறமா மினுங்குது. நெல்லு வண்டில் ஒண்டு பாலத்தால போகக்குள்ள பொலிசுக்காரன் மறிச்சு, கொம்பத் தடவி, விரல மணந்து பாத்தானாம். பின்னேரம் எங்கட வளவுக்கு வந்துத்தானுகள். நாங்க பெட்டி தூக்கினத இறால் வடிச்சுக்கிட்டிருந்த ஆரோ கண்டிருக்காங்க.

கோட்டுல நீதவானுக்கு முன்னால ரெண்டு பேரும் ஒப்புக்கொண்டம். பொய் சொல்ல ஒண்டும் மிஞ்சல்ல. அப்பா எனக்காகக் கதைக்க ஒரு பிரக்கிராசியப் புடிச்சிருந்தார். அவனுக்கு ஆரும் இல்ல, தாய் மட்டும் பின்னால நிண்டா. கூட்டுக்குள்ள நாங்க தோளோட தோள் நிண்டம். நீதவான் ஐயா எல்லாம் இங்கிலீசில கதைக்கார், பக்கத்துல நிக்கிற முதலியார் தேவையானத மட்டும் தமிழாக்கிச் சொல்றார். நீதவான் எங்கட கடதாசியப் புரட்டிக்கிட்டு பிரக்கிராசிக்கிட்ட இங்கிலீசில சொன்னார்: பதினாறு முடியாதவன் எண்டா பிரம்படி குடுத்து வீட்டுக்கு அனுப்பலாம், முடிஞ்சவனுக்கு மறியல்தான், செயிலுக்குள்ள.

முதலியார் இதத் தமிழாக்கல்ல. அது குற்றவாளிக்குச் சொன்ன கதை இல்லத்தானே.

"என்னண்ணே சொல்றார்?" எண்டு இவன் காதுக்குள்ள கேட்டான்.

"வயசப் பத்தி" எண்டன். அவ்வளவுதான் சொன்னன்.

என்ட பத்திரம் பதினஞ்சு எண்டிச்சு. அவனுக்குப் பத்திரமே இல்ல. வீட்டுல பிறந்தவன், பதிவுமில்ல, சாதகமுமில்ல. ஆசுபத்திரி டொக்டர் அவன்ட வாயத் திறந்து மாட்டுக்குப் பாக்கிற மாதிரிப் பல்லப் பாத்து, மீசையப் பாத்து, பதினேழு இல்லாட்டிப் பதினெட்டு எண்டு எழுதிக் குடுத்திருந்தார். அத முதலியார் தமிழில சொன்னதும் பின்னால இருந்து தாய் சத்தம் போட்டா.

"இல்ல ஐயா! பதினஞ்சுதான் ஐயா! பக்கத்துல நிக்கிற தம்பி இவனுக்கு ரெண்டு வயசு மூப்பு. அதுக்கிட்டக் கேளுங்க, இங்கிலீசு படிச்ச புள்ள அது!"

கோடு முழுக்க என்னயும் அவனயும் பாத்துச் சிரிச்சிச்சு. ஒட்டடைக் கம்பு மூப்பாம், மலை இளமையாம். நீதவானும் சிரிச்சார். ஆனா நல்ல மனுசன், கேக்காம விடல்ல. முதலியாரக் கொண்டு இவனத்தான் கேட்டார்: உங்கள் ரெண்டு பேருக்குள்ள ஆர் மூத்தவன்?

இவன் என்னத் திரும்பிப் பாத்தான். மறுகா பின்னால நிண்ட எங்கட அப்பாவப் பாத்தான். அப்பா குடைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நிலத்தப் பாத்துக்கிட்டு நிண்டார். பத்திரம் களவெண்டு தெரிஞ்சா கொலிஜும் போகும், அப்பாட வேலையும் போகும், அது ரெண்டு வளவுக்கும் தெரிஞ்ச விசயம். இவனுக்குத் தெரியாத விசயம் பதினாறுதான்.

"நான்தான் ஐயா மூத்தவன்" எண்டான். "இவன் தம்பி."

"பொய்! ஏன்டா மனே பொய் சொல்றா!" தாய் நெஞ்சில அடிச்சுக்கிட்டா. பொலிசுக்காரன் அவவ வெளியில கொண்டுபோயித்தான்.

நீதவான் என்னப் பாத்தார். இங்கிலீசில நேராக் கேட்டார், அது உண்மையா எண்டு. முதலியார் தேவைப்படல்ல. பரிசெடுத்த வாய்தானே. "யெஸ் சேர்" எண்டன்.

நான் மூத்தவன் எண்டு சொன்னாப் போல அவன் பதினஞ்செண்டு ஆகிடுமா? இதத்தான் பிறகு ஆயிரம் தரம் எனக்குள்ளயே வாதாடினன், பிரக்கிராசி கெட்டான். டொக்டர்ட துண்டு அப்பயும் அங்கதான் கிடந்திருக்கும். இருக்கட்டும். ஆனா தாய் சொன்னது உண்மையெண்டு ஒரு ஆளுக்காவது தெரிஞ்சிருக்கும், அந்த ஆள் பேனையக் கையில வெச்சிருந்தவர். வாதம் எப்பயும் அவடத்துலதான் வந்து நிண்டுபோகும்.

எனக்கு ஆறு பிரம்படி. அதக் கேட்டு இவன் முழங்கையால என்ன இடிச்சான். "ஆறா? உன்ட வாத்தி இதவிட அடிப்பானே." மறுகா அவன்ட தீர்ப்ப முதலியார் சொன்னார், ஒரு வருசம் மறியல். அவன் விளங்காத மாதிரி முதலியாரப் பாத்தான், மறுகா என்னப் பாத்தான். பொலிசுக்காரன் கையப் புடிச்சதும் என்னட்டச் சொன்னது இதுதான்: "வலை காயப் போட்டபடி கிடக்கு. மழை வந்தா எடுத்து உள்ளுக்க போடு."

பிரம்படி நாலுக்குப் பொறகு எண்ணல்ல. அத விடுங்க, அது ஒரு கிழமைக் கதை.

அவனக் கண்டிப் பக்கம் அனுப்பித்தானுகள். கொலிஜ்ல என்னத் திரும்ப எடுத்தாங்க. சின்னப் பொடியன், புத்தி கெட்டுப் போச்செண்டு பிரின்சிப்பல் சொன்னார். வகுப்புல ரெண்டு நாள் "டேய் கொம்பு, எங்கட மாட்டுக்கும் சொட்டுப் பூசிவிடன்" எண்டு பகிடி பண்ணினாங்க. மறுகா அதையும் விட்டுத்தாங்க. எனக்கு அந்தப் பகிடி இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம் போல இருந்திச்சு. வீட்டுல அப்பா என்னோட கதைக்கிறத்துக்கு எப்பயும் பாடம்தான் காரணம். எங்க பிழை விட்டாய், எத்தினை மார்க். கோடு எண்ட சொல்லே வீட்டுக்குள்ள வரல்ல. ஊர்ல ஒருத்தரும் என்ன ஏசவுமில்ல. ஏசினா நிண்டு மறுமொழி சொல்ல நான் ரெடியாத்தான் இருந்தன்.

காலம பாலத்தால தனிய நடப்பன், பின்னேரம் தனிய வருவன். எந்த நேரமும் வாய் ஓயாத ஆள் நான். ஒரு நாள் விடிஞ்சதில இருந்து படுக்கப் போகுமட்டும் நான் கதைச்ச சொல்ல நினைச்சுப் பாத்தன். வகுப்புல "பிரசன்ட் சேர்". வீட்டுல "ஓம்", "காணும்".

அவன்ட தாய் தனிய வலைக்கு இறங்கத் தொடங்கினா. ஒரு நாள் கழுத்தளவு தண்ணியில வலை மரத்துல சிக்கித்து, நான் சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்கினன். "கரையில நில்லு மனே. படிச்ச புள்ளைக்கு இது ஏலா" எண்டா. கோவமாச் சொல்லல்ல. கோவமாச் சொல்லியிருக்கலாம். நான் முழங்கால் தண்ணியில நிண்டன், அவ சிக்கெடுத்து முடிக்குமட்டும்.

அவனுக்கு ஒரு காயிதம் எழுதினன், நாலு பக்கம். பதினாறு, இங்கிலீசு, "யெஸ் சேர்", எல்லாம். அவனுக்கு வாசிக்கத் தெரியா. அங்க வாசிச்சுக் காட்டத் தமிழ் தெரிஞ்ச ஆள் இருக்கோ எண்டும் தெரியா. அது தெரிஞ்சுதான் அவ்வளவு தைரியமா எழுதியிருக்கன். பதில் வரல்ல.

வருசம் முடிஞ்சு வந்துத்தான். காலம பத்து மணி, மொட்டைத் தலை, வேலியடியில நிக்கான். நான் வேலிக்கு இங்கால போய் நிண்டன்.

"குளிர்னா குளிர், பல்லு டைப்படிக்கும்" எண்டான். "டொக்டர் பாத்த பல்லு எல்லாம் ஆடுது இப்ப."

ரெண்டு பேரும் சிரிச்சம். நான் கூடச் சிரிச்சன்.

"ஒண்டு கேக்கட்டா?"

"கேள்."

"பதினாறுச் சட்டத்த உள்ளுக்க ஒருத்தன்தான் எனக்குச் சொன்னான். அண்டைக்கு ஐயா இங்கிலீசில அதச் சொல்லக்குள்ளயே உனக்கு விளங்கினதா?"

காயிதம் போய்ச் சேரல்ல, இல்லாட்டி ஆரும் வாசிச்சுக் காட்டல்ல. இல்லெண்டு சொல்லியிருக்கலாம். சத்தியமா நாக்கு நுனியில இருந்திச்சு.

"விளங்கின" எண்டன்.

"ம்" எண்டான். வேலிக் கம்ப ஒரு தரம் ஆட்டிப் பாத்தான். "சரி, குளிச்சுத்து வாறன்" எண்டுத்துப் போனான்.

பகல் முழுக்க வேலியடியில நிண்டன். வரல்ல. அடுத்த நாளும் வரல்ல. நாலாம் நாள் வாழைச்சேனைக்குப் போயித்தான் எண்டு அவன்ட தாய் எங்கட அம்மாக்கிட்டச் சொன்னா. இப்ப அங்க ஒரு கரைவலையில ஆளா நிக்கான். தாயும் போன மாசம் அங்க போயித்தா.