பொபினில் நூல் ஏறாத மழைக்காலம்

ஈரக் கம்பளி, மண்ணெண்ணெய் விளக்கு, மெசின் எண்ணெய் மூன்றும் கலந்த ஒரு வாடை, அடைமழை நாட்களில் இன்றைக்கும் எங்கிருந்தோ வந்து என் மூக்கில் ஏறும். பழைய வாடை வந்தால் அம்மா சமைத்த சோறு நினைவுக்கு வருகிறது என்று சொல்கிறவர்களைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதுண்டு. எனக்கு நினைவுக்கு வருவது, இரண்டு பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஆனால் ஒருவர் கையை ஒருவர் விடாமல் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு காம்பராதான்.

அது ஐம்பதுகளில், இலங்கை மலையகத்தில், வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே, தேயிலைச் சரிவில் இருந்த ஒரு லயத்தின், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளின், கடைசி வீடு. காம்பரா என்கிற ஒரே அறை, அதற்கு முன்னால் "இஸ்தோப்பு" என்று நாங்கள் சொல்லும் சின்ன முன்கட்டு, அதன் மூலையில் அடுப்பு, அவ்வளவுதான் வீடு. அப்பாவுக்குத் தோட்டத்துப் பேக்டரியில் வேலை. அம்மா மதலேன் விடிந்ததும் பெரட்டுக் களத்துக்குப் போய் வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறவள். நான் ஒரே பிள்ளை. நாங்கள் மூவரும் இருந்த அந்த அறைக்கு ஒருநாள் அப்பாவின் அக்கா அந்தோனியம்மா ஒரு தகரப் பெட்டியோடும் கையால் சுற்றும் ஒரு தையல் மெசினோடும் வந்து சேர்ந்தாள்.

அத்தை அக்கரப்பத்தனைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவள். பிள்ளை இல்லை. மாமா காய்ச்சலில் இறந்ததும் அவர்களுடைய காம்பராவைத் தோட்டத்தில் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். எங்கள் தோட்டத்தில் அவளைப் பேர் பதிய மறுத்துவிட்டதால் அவளுக்கு மலையில் வேலை கிடையாது. ஆனால் மெசின் இருந்தது. லயத்துப் பெண்கள் ரவிக்கைத் துணியும் பாவாடைத் துணியும் கொண்டுவந்து கொடுத்து, தைத்ததற்குப் பதிலாகத் தேங்காயோ அரிசியோ தோட்டத்துக் காய்கறியோ தந்துவிட்டுப் போனார்கள். அதை அடுப்படியில் வைக்கும்போதெல்லாம் அத்தை சத்தமாக வைப்பாள், அம்மாவுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே.

இருவருக்கும் முதலில் எதில் பகை வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் விவரம் அறியும்போது அது ஏற்கெனவே வளர்ந்து ஆளாகியிருந்தது. அத்தை வைத்த குழம்பை அம்மா தொடமாட்டாள். அம்மா சுட்ட ரொட்டியை அத்தை பிட்டு நாய்க்குப் போடுவாள். தண்ணீர்க் குடம்கூட இரண்டு. ஒருத்தி குடத்தில் மற்றவள் கைவைத்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் வாசல் சாக்கடைக் கானில் போகும். அப்பா இரண்டு பேர் சமைத்ததையும் சாப்பிட்டுவிட்டு, முடிந்தவரை பேக்டரியிலேயே இருந்தார்.

அந்த வருட மழைக்காலத்தில் எனக்குப் "புதுநன்மை" என்று கோயிலில் பங்குச் சாமியார் அறிவித்தார். முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிற பெண்பிள்ளைகள் வெள்ளைக் கவுன் போட வேண்டும். தலவாக்கலையில் அப்பா வெள்ளைப் பொப்ளின் துணி வாங்கி வந்தார். அத்தை கையை நீட்டினாள். அம்மா துணியைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எம் புள்ள கவுனை நானே தச்சுக்கிறேன்," என்றாள். கல்யாணத்துக்கு முன்பு கன்னியாஸ்திரிகளிடம் தையல் படித்தவள் அவள்.

"கொழுந்துக் கூடை சொமக்கிற கை ஊசி புடிக்கப் போகுதாக்கும்," என்றாள் அத்தை, என்னைப் பார்த்து.

அப்பா கெஞ்சினார். "மெசினைக் குடுத்துரு அக்கா. ஒரே ஒரு கவுனுதானே."

"எடுத்துக்கிடட்டும். நான் என்ன மெசினைக் கட்டிப் புடிச்சுக்கிட்டா இருக்கேன்?"

அடிநூல் சுற்றும் சின்ன இரும்பு உருளையை "பொபின்" என்போம். மெசினின் பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பியில் அதை மாட்டி அழுத்திவிட்டால், கம்பியின் அடியில் இருக்கும் ரப்பர் வளையம் பெரிய சக்கரத்தில் உரசி, கைப்பிடியைச் சுற்றச் சுற்ற பொபினும் சுற்றி நூல் ஏற வேண்டும். அத்தை சுற்றினால் வண்டு பறப்பதுபோல ஒரே சத்தமாக ஏறும். அம்மா சுற்றிய முதல் பொபினில் நூல் பஞ்சுபோலத் தொளதொளவென்று ஏறியது. அதைப் போட்டுத் தைத்ததில் துணியின் அடிப்பக்கம் முழுவதும் கம்பளிப்பூச்சி ஊர்ந்ததுபோல நூல் வளையம் வளையமாகத் தொங்கியது. அம்மா அதைப் பிரித்தாள். வெளியே இஸ்தோப்பில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அத்தை, யாருக்கும் சொல்லாததுபோல, "நூலு நல்ல நூலுதான்," என்றாள்.

பிரித்த நூலை மறுபடி சுற்றினாள். மறுபடி தொளதொளப்பு. பிறகு நூல் போகும் வழியை விரலால் தொட்டுக்கொண்டே போனவள், நூலை இறுக்கிப் பிடிக்க வேண்டிய இரண்டு சின்னத் தகட்டு வில்லைகளுக்கு இடையில் பழைய பஞ்சு அடைந்து, வில்லைகள் வாய் திறந்து கிடப்பதைக் கண்டுபிடித்தாள். கொண்டை ஊசியால் அதைக் கிண்டி எடுத்தாள். இப்போது நூல் இறுக்கமாக ஏறியது. ஆனால் ஒரே பக்கமாகக் குவிந்து, பொபின் நிறைவதற்குள் வழிந்து கம்பியில் சிக்கிக்கொண்டது. அத்தை சிரித்தது மழைச் சத்தத்துக்கு மேல் எங்களுக்குக் கேட்டது. அம்மாவுக்குக் காது சிவந்துவிட்டது. சிக்கை வெட்டியெடுத்துவிட்டு, வில்லைகள் நின்ற தண்டு கொஞ்சம் சாய்ந்திருப்பதைப் பார்த்து, அதைக் கொஞ்சம் திருப்பி, சுற்றி, நிறுத்தி, இன்னும் கொஞ்சம் திருப்பி, கடைசியில் நூல் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் சமமாகப் பரவும்படி செய்துவிட்டாள். தேங்காய் துருவும் சத்தம் நின்றது. அம்மா அந்தப் பொபினை விளக்கு வெளிச்சத்தில் வேண்டுமென்றே நெடுநேரம் தூக்கிப் பிடித்திருந்தாள். வென்றதைக் காட்டிக்கொள்வதில் அவளும் குறைந்தவள் இல்லை.

மறுநாள் மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டியிருந்த ஈரச் சாக்குப் படங்கைக்கூட அவிழ்க்காமல் மெசின் முன் உட்கார்ந்தாள். பொபினை மாட்டி அழுத்தினாள். பெரிய சக்கரம் சுற்றியது, பொபின் அசையவில்லை. குனிந்து பார்த்தாள். ரப்பர் வளையத்தைக் காணோம்.

"மதினி, இதுல இருந்த ரப்பரு எங்க?"

"எலி தின்னுருக்கும்."

"எந்த எலி? வெள்ளைச் சேலை கட்டுன எலியா?"

அத்தை விதவை. அவள் கட்டுவது வெள்ளை. அந்தச் சொல் விழுந்ததும் அவள் எழுந்து வந்த வேகத்தில் கொதித்துக்கொண்டிருந்த பானை கவிழ்ந்தது. தாலி அறுத்தவள் என்று சொல்லிக் காட்டுகிறாயா என்று அவள் கத்த, என் பிள்ளையின் நல்ல காரியத்தைக் கெடுக்கிறாயே என்று அம்மா கத்த, லயம் முழுவதும் வெளியே வந்து மழையில் நின்று கேட்டது. நான் அறை மூலையில் வெள்ளைத் துணியைச் சேறு படாமல் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா வந்து, யாரை அதட்டுவது என்று தெரியாமல் என்னை அதட்டினார்.

அம்மா அத்தோடு விடவில்லை. தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரிடம் சைக்கிள் இருந்தது. அவர் வீட்டுக்குப் போய் வாத்தியார் சம்சாரத்திடம் கிழிந்த டியூபில் ஒரு துண்டு வாங்கி வந்தாள். "ஊரான் வீட்டு வாசல்ல போயி நின்னு எங்க மானத்தை வித்துட்டா," என்று அத்தை லயத்தில் வீடு வீடாகச் சொன்னாள். அம்மா காதில் வாங்காமல் டியூபைக் குறுக்கே நறுக்கி, வளையமாக்கி, இரண்டு சுற்றாக இழுத்து மாட்டினாள். முதலில் வழுக்கியது. டியூபில் இருந்த மாவைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து மாட்டியதும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. பொபின் சுற்றியது. அதற்குப் பிறகு கவுன் முடியும்வரை அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பியே படுத்திருந்தாள்.

புதுநன்மையன்று அவள் கோயிலுக்கு வரவில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது தகரப் பெட்டியும் இல்லை, மெசினும் இல்லை. பெட்டியைத் தலையிலும் மெசினை இடுப்பிலும் வைத்துக்கொண்டு ஸ்டேஷன் பாதையில் இறங்கினாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அம்மா அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள். அப்பா குறுக்குப் பாதையில் ஓடினார். வெள்ளைக் கவுனோடு நானும் பின்னால் ஓடினேன்.

அவள் பிளாட்பாரத்தில் மெசின்மேல் கைவைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"வீட்டுக்கு வாக்கா," என்றார் அப்பா.

"மாட்டேன்."

"அந்த ரப்பரை நீதான் கழட்டுனியா?"

"ஆமா. நாந்தான் கழட்டுனேன். நான் அந்த வீட்ல சோறு திங்கிறது இந்த மெசினாலதான். அவளும் தைக்கப் படிச்சுட்டான்னா அங்க எனக்கு என்னடா வேலை?"

அத்தை என்னைக் கிட்டே இழுத்தாள். என் கவுனின் கீழ்மடிப்பைப் புரட்டி, அடித்தையலைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவிக்கொண்டே போனாள். எங்கேயாவது ஒரு தளர்வு கிடைக்குமா என்று தேடினாள் என்றுதான் நினைக்கிறேன். கிடைக்கவில்லை.

"நல்லாத்தான் தச்சிருக்கா, பாவி," என்றாள். ரயில் வந்தது. ஏறிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம், "நீங்க நல்லாத் தச்சிருக்கீங்கன்னு அத்தை சொன்னாங்க," என்றேன். அம்மா மாவு பிசைவதை ஒரு நிமிடம் நிறுத்தினாள்.

"அதை இங்க இருக்கும்போது சொல்லியிருந்தா வாயில இருக்கிற முத்தா உதிர்ந்திருக்கும்?" என்று கேட்டுவிட்டு மறுபடி பிசைந்தாள். வழக்கத்தைவிட நெடுநேரம் பிசைந்தாள்.

அத்தை மஸ்கெலியாவில் ஒரு துணிக்கடையில் தையல்காரியாக இருந்தாள் என்று கேள்விப்பட்டோம். பிறகு மலையிலிருந்து இந்தியாவுக்கு ஆட்கள் சாரிசாரியாகப் போன காலத்தில் அவளும் போய்விட்டாள். வழியனுப்ப அப்பா மட்டும் போனார். அதன்பின் அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை; எந்த ஊரில் அடக்கம் செய்தார்கள் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

போன வருடம் வட்டகொடைக்குப் போயிருந்தேன். எங்கள் லயத்தின் அந்தப் பக்கம் மண்சரிவில் போய்விட்டது. கடைசிக் காம்பரா இருந்த இடத்தில் புல் மண்டிக் கிடக்கிறது. அப்பா இல்லை. அம்மாவும் இல்லை. கண் தெரியாமல் போன கடைசிக் காலத்திலும் அம்மா அத்தையின் பெயரைச் சொன்னதில்லை. தண்ணீர் கேட்பதுபோல, சும்மா இருக்கும்போது திடீரென்று, "அவ இருந்தா இப்ப என்னா சொல்லியிருப்பா தெரியுமா?" என்று ஆரம்பித்துத் தனக்குள் சண்டை போடுவாள். எவள் என்று என் பிள்ளைகள் கேட்பார்கள். நான் பதில் சொன்னதில்லை. "அவ" என்றால் யார் என்று தெரிந்த ஆள் இந்த உலகத்தில் இப்போது நான் ஒருத்திதான்.