சொத்தை மெயில் பொறுக்கிய ஜக்கம்மாள்

முதலாளிக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? போடியில் எங்கள் ஏலக்காய்க் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் பார்க்கிறவன் நான், தௌபீக். ஒரு மெயிலை நான் திறந்து தொலைத்ததில் கம்பெனிக் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் பூட்டிக்கொண்டன. அதற்குப் பிறகு, சைபர் செக்யூரிட்டிக்கு ஆள் வைத்தால்தான் இன்சூரன்ஸ் என்று சொல்லிவிட்டார்கள்.

விளம்பரம் கொடுத்தோம். படித்தவனெல்லாம் பெங்களூரில் இருக்கிறான். மதுரையிலிருந்து வந்த ஒருத்தனும் ஏலக்காய் வாசத்துக்குத் தும்மித் தும்மியே ரயிலேறிவிட்டான். 'செக்யூரிட்டி' என்ற சொல்லை மட்டும் படித்துவிட்டு விசிலும் டார்ச்சுமாக ஏழு பேர் வந்து நின்றார்கள். எட்டாவதாக வந்தவள் ஜக்கம்மாள்.

இருபத்திரண்டு வருஷமாக எங்கள் சரக்குக் கிட்டங்கியில் சொத்தைக் காய் பொறுக்கியவள். தரம் பிரிக்க மெஷின் வந்துவிட்டதால் அந்த மாசத்தோடு அவளுக்கு வேலையில்லை. மலைமேல் எஸ்டேட் வேலைக்குப் போகலாமென்றால் போடிமெட்டு ஜீப்பில் ஏற முழங்கால் இடம் கொடுக்காது.

"சொத்தையத்தான தம்பி பொறுக்கணும்? நான் பொறுக்குறேன்."

நான் கத்தினேன். முதலாளி ஈஸ்வரனோ, "ஒரு வாரம் பாக்கட்டும்டா. ஒனக்கு இவ எவ்வளவோ தேவல" என்று சொல்லிவிட்டார்.

வந்த மெயிலையெல்லாம் அச்செடுத்து முறத்தில் போடச் சொன்னாள். புடைக்காத குறைதான்! நான் ஒவ்வொன்றாக வாசித்துக் காட்ட வேண்டும்.

"அவசரப்படுத்துறான், சொத்தை. பரிசு தர்றானாம், சொத்தை."

மெயிலில் வந்த என் அத்தை மகள் கல்யாணப் பத்திரிகையையும் விடவில்லை. "வாழ்த்த வாங்கன்னுட்டு எதையோ அமுக்கச் சொல்றான் பாரு" என்று கழித்துப் போட்டாள். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை. அத்தை இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

வியாழக்கிழமை முதலாளி பெயரில் ஒரு மெயில் வந்தது. 'அன்புள்ள தௌபீக், தயவுசெய்து பாஸ்வேர்டை அனுப்பவும்.' வாசித்துக் காட்டிவிட்டு அனுப்பப் போனேன். ஜக்கம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதலாளி என்னைக்குய்யா ஒன்னைய அன்புள்ளன்னு கூப்பிட்டாரு?"

பதினோரு வருஷத்தில் அவர் எனக்கு வைத்த ஒரே பெயர் 'கூறுகெட்டவன்'. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இன்சூரன்ஸ்காரர்கள் சோதித்துப் பார்க்க அனுப்பிய மெயிலாம் அது. பத்து கம்பெனிக்கு அனுப்பியதில் மாட்டாதது நாங்கள் மட்டும்தான்.

சனிக்கிழமை முதலாளியே கிட்டங்கிக்கு வந்தார். ஜக்கம்மாள் முன்னால் நின்று கைகூப்பினார். "அம்மா, ரொம்ப நன்றிம்மா. இந்த வேலை இனி ஒங்களுக்குத்தான்."

ஜக்கம்மாள் முகம் செத்துவிட்டது. அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நெசமா நீங்கதானா மொதலாளி? எனக்குப் பயமா இருக்கு. ஒருக்கா திட்டிச் சொல்லுங்க."

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அடியே கூறுகெட்டவளே! திங்கக்கெழம வெரசா வந்து சோலியப் பாரு!"

அவள் அப்படியே சாக்கின்மேல் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இது சொத்தையில்ல தம்பி" என்றாள்.